பழைய ராணுவ ரைஃபிள்: சேர்க்கறவங்களும் சுடறவங்களும் அடிக்கடி கேட்கற கேள்விகள்

ராணுவ சர்ப்ளஸ் ரைஃபிள்னா எதைச் சொல்றாங்க?

ஒரு நாட்டு ராணுவம் வேற துப்பாக்கிக்கு மாறினதும் குடோன்ல தேங்கிப்போன பழசை மொத்தமா வித்துடும், அதுதான் சர்ப்ளஸ். இங்க பேசறது பெரும்பாலும் 1880கள்ல இருந்து 1950கள் வரைக்கும் செஞ்ச போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள்களைப் பத்தி, அதாவது ஒவ்வொரு சூட்டுக்கும் கையால போல்ட்டை இழுத்துத் தள்ள வேண்டியது, கூடவே அமெரிக்காவோட கேரண்ட், சோவியத்தோட எஸ்கேஎஸ்னு அடுத்த தோட்டா தானா ஏறுற ரெண்டு செமி ஆட்டோ. 1886ல பிரான்ஸ் லெபெல் ரைஃபிளைக் கொண்டு வந்துச்சு, புகையில்லா வெடிமருந்துல வேலை செஞ்ச முதல் ராணுவ ரைஃபிள் அதுதான், அதைப் பார்த்துட்டு மத்த நாடுங்க எல்லாம் அடிச்சுப் பிடிச்சு பத்துப் பன்னெண்டு வருஷத்துக்குள்ள புது டிசைனுக்கு மாறிட்டாங்க. ரஷ்யாவுக்கு 1891ல மோசின் நாகன்ட், பிரிட்டனுக்கு 1895ல லீ என்ஃபீல்ட், ஜெர்மனிக்கு 1898ல மவுசர். அந்த அவசரத்துல பிறந்ததுங்கதான் சின்னச் சின்ன மாத்தத்தோட ரெண்டு உலகப்போரையும் தாங்குச்சு, இன்னைக்கும் சுடுது.

முதல்ல எதை வாங்கலாம்?

தோட்டா சுலபமா கிடைக்கிறதை வாங்குங்க. அழகா இருக்கேன்னு ஒரு ரைஃபிளை வாங்கிட்டு தோட்டாவுக்கு அலையறவங்கதான் ஜாஸ்தி. .30-06, .303, 7.62×54ஆர், 8×57, 6.5×55, இது அஞ்சும் இன்னும் புதுசா தயாராகுது. அந்தக் கணக்குல பார்த்தா கேரண்ட், லீ என்ஃபீல்ட், மோசின், மவுசர், ஸ்வீடிஷ் மவுசர்.

என்னைக் கேட்டா முதல் ரைஃபிளுக்கு லீ என்ஃபீல்ட் நம்பர் 4, இல்லன்னா ஸ்விஸ் கே31, அதோட தோட்டா மட்டும் மேல சொன்ன அஞ்சுல இல்ல, கிடைக்குதான்னு முதல்ல பார்த்துக்கோங்க. நம்பர் 4ல பின்னாடி கண்ணுக்குப் பக்கத்துல ஓட்டை வழியா பார்க்கிற சைட் (குறி பார்க்கற பாகம்) இருக்கும், வயசான கண்ணுக்கும் ஒத்துக்கும், போல்ட் வெண்ணெய் மாதிரி ஓடும், மேகசின்ல 10 ரவுண்டு. கே31 போல்ட்டை திருப்பவே வேண்டாம், நேரா இழுத்து நேரா தள்ளினா போதும், 1958 வரைக்கும் கடிகாரம் செய்யற கவனத்தோட செஞ்சிருக்காங்க. மோசின் முரட்டுப் பிள்ளை, பிடிக்கிறவங்களுக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனா அதுல ஆரம்பிச்சா பழைய ரைஃபிள்னாலே இப்படித்தான் கரடுமுரடா இருக்கும்னு நினைச்சுடுவீங்க.

சட்டம் என்ன சொல்லுது?

நாட்டுக்கு நாடு வேற, அதனால முதல் வேலை உங்க ஊர் சட்டத்தைப் படிக்கிறது. எவ்வளவு மாறுதுன்னு காட்டறதுக்காக மட்டும் சொல்றேன்: அமெரிக்காவுல 50 வருஷம் தாண்டின துப்பாக்கியை சேர்க்கறவங்களுக்குன்னு தனியா ஒரு லைசென்ஸ் இருக்கு. பிரிட்டன்ல 1988 சட்டத்துக்கு அப்புறம் .22க்கு மேல செமி ஆட்டோ ரைஃபிள் கிடையாது, அதனால போல்ட் ஆக்‌ஷன் ஓகே, கேரண்ட் கிடையாது. இந்தியாவுல .303 மாதிரி ராணுவத் தோட்டா சாதாரண லைசென்ஸ்ல வராது, லீ என்ஃபீல்ட் மாதிரியே இருக்கிற ரைஃபிளை .315ல செஞ்சு வித்ததே அதுக்காகத்தான், அந்தத் தோட்டா பழைய ஆஸ்திரியா 8 எம்எம் மான்லிக்கர்ல இருந்து வந்தது. சுடற ஆசை இல்ல, பார்த்தா போதும்னா நிறைய நாட்டுல செயலிழக்க வச்ச துப்பாக்கி வாங்கலாம், அதுக்கும் பேப்பர் வேணுமான்னு கேட்டுக்கோங்க.

வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

மரம் எவ்வளவு பளபளன்னு இருக்குன்னு பார்க்காதீங்க, பேரலுக்குள்ள பாருங்க. போல்ட்டைக் கழட்டிட்டு, சேம்பர் (தோட்டா உக்கார்ற அறை) காலியா இருக்கான்னு உறுதி பண்ணிட்டு, வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பாருங்க. உள்ள கருப்பா இருந்தா மட்டும் பயப்பட வேண்டாம், ரைஃப்லிங் (பேரல் உள்ள சுழலா ஓடற வரிகள்) விளிம்பு கூர்மையா இருந்தா கருத்த பேரலும் நல்லாவே சுடும். பேரல் நடுவுல வளையம் மாதிரி ஒரு நிழல் தெரிஞ்சா விட்டுடுங்க, எப்பவோ உள்ள ஏதோ அடைச்சிருக்கும்போது சுட்டு பேரல் உப்பியிருக்கு.

அடுத்து பேரலோட முனை. சிப்பாய்ங்க முன்னாடி பக்கமா ராடை விட்டு விட்டு கிளீன் பண்ணியே பல மோசின்ல முனை தேஞ்சு போச்சு. சுடாத டம்மி தோட்டா ஒண்ணை குண்டு பக்கமா முனைக்குள்ள விட்டுப் பாருங்க, குண்டைப் பிடிச்சிருக்கற கூடு, அதாவது கேஸ், அதோட வாய் வரைக்கும் உள்ள போயிட்டா தேய்மானம் அதிகம். சோவியத் பட்டறைகள்ல இந்த மாதிரி முனையை உள்பக்கமா கொஞ்ச தூரம் குடைஞ்சு, தேயாத ரைஃப்லிங்ல இருந்து குண்டு வெளிய போற மாதிரி செஞ்சிருப்பாங்க, அது குறை இல்ல, சரியா செஞ்சிருந்தா நல்லா சுடும்.

அப்புறம் ஸ்டாக்ல (ரைஃபிளோட மரப்பாகம்) விரிசல், முக்கியமா ரிசீவருக்கு (போல்ட் ஓடற உலோகக் கூடு) பின்னாடி கைப்பிடி பக்கத்துலயும் மேகசின் பக்கத்துலயும். ஸ்வீடிஷ் மவுசரா இருந்தா ஸ்டாக்ல ஒரு பித்தளை வட்டத்தகடு இருக்கும், பேரல் விட்டமும் தேய்மானமும் அதுலேயே முத்திரை குத்தியிருப்பாங்க, ஆனா தகடு வேற ரைஃபிள்ல இருந்து மாறி வந்திருக்கவும் வாய்ப்பு உண்டு.

நம்பர் எல்லாம் மேட்ச் ஆகணுமா?

விலை பேசும்போது ஆகணும், சுடறதுக்கு எல்லாம் ஆக வேண்டியதில்ல. போல்ட்டும் ரிசீவரும் ஒரே நம்பரா இருந்தா ரெண்டும் ஒண்ணா பொருத்தப்பட்டதுன்னு ஓரளவு நம்பலாம், வேற வேறயா இருந்தா ஹெட்ஸ்பேஸ் கேஜ் (போல்ட் சரியா பூட்டுதான்னு பார்க்கற அளவுக்கட்டை, கீழ விளக்கம் இருக்கு) வச்சுப் பார்க்காம சுடாதீங்க, அவ்வளவுதான் வித்தியாசம். ஏதோ ஒரு சின்ன பாகத்தோட நம்பர் ஒத்துப் போகலைன்னு ஒரு நல்ல ரைஃபிளை வேண்டாங்கறது எனக்குப் புரியாத விஷயம்.

இன்னொண்ணு, எல்லா மேட்சும் ஒரே மேட்ச் இல்ல. போர் முடிஞ்சதும் சோவியத் கிடங்குகள்ல லட்சக்கணக்கான மோசின்களை பிரிச்சு, சுத்தம் பண்ணி, கையில கிடைச்ச பாகத்தை மாட்டி, பழைய நம்பரை அடிச்சுட்டோ தேய்ச்சுட்டோ ரிசீவர் நம்பரையே போல்ட்லயும் மேகசின்லயும் குத்தி வச்சாங்க. எழுத்து பாணி மாறியிருக்கறதை வச்சுக் கண்டுபிடிக்கலாம். ஜெர்மன்காரங்ககிட்ட இருந்து பிடிச்ச கே98கே மவுசருக்கும் இதே கதிதான், போல்ட்ல மின்சார ஊசியால கிறுக்கின நம்பர், ரிசீவர் மேல ஒரு பெருக்கல் குறி, எல்லாத்துக்கும் சேர்த்து ஒரு கருநீல முக்கு. இதை மட்டமா பேசறவங்க உண்டு, என் கணக்குல அதுவும் அந்த ரைஃபிளோட வரலாறுதான், தோத்தவன் கையில இருந்து ஜெயிச்சவன் கிடங்குக்குப் போன கதை அந்தப் பெருக்கல் குறியில இருக்கு.

முத்திரைகளை எப்படிப் படிக்கிறது?

இந்த ஹாபியில பாதி சுகமே இதுதான், அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன்.

மவுசர் கே98கேல ரிசீவர் மேல ஃபேக்டரி பேர் இருக்காது, ரகசியக் குறியீடு இருக்கும். பிஒய்எஃப்ங்கற மூணு எழுத்தும் கீழ 44ன்னும் இருந்தா ஓபர்ன்டார்ஃப் மவுசர் ஃபேக்டரி, 1944. பிஎன்இசட்னா ஆஸ்திரியாவுல ஸ்டேயர். அங்கங்க குத்தியிருக்கற குட்டிக் கழுகு, அந்தப் பாகத்தை ராணுவ இன்ஸ்பெக்டர் பார்த்து ஒத்துக்கிட்டதுக்கு அடையாளம்.

மோசின்ல துலா ஃபேக்டரின்னா நட்சத்திரம், பெரும்பாலும் உள்ள ஒரு அம்பு. இஷெவ்ஸ்க்னா முக்கோணத்துக்குள்ள அம்பு. முதல் உலகப்போர் நேரத்துல ரஷ்யாவால தேவைக்கு செஞ்சு முடிக்க முடியல, அமெரிக்காவுல ரெமிங்டன்கிட்டயும் நியூ இங்கிலாந்து வெஸ்டிங்ஹவுஸ்கிட்டயும் ஆர்டர் கொடுத்தாங்க, அதனால அமெரிக்கப் பேர் போட்ட மோசின் பார்த்தா போலின்னு நினைச்சுடாதீங்க. சதுரக் கட்டத்துக்குள்ள எஸ்ஏன்னு இருந்தா அது ஃபின்லாந்து ராணுவத்து சொத்து. ஃபின்லாந்துக்காரங்க மோசின் ரிசீவர் ஒண்ணு கூட சொந்தமா செய்யல, ரஷ்யாகிட்ட இருந்து வந்ததையே எடுத்து, சொந்த பேரல், சொந்த ஸ்டாக், நல்ல சைட் மாட்டி ரஷ்யாவையே எதிர்த்து சுட்டாங்க. எம்39 மாடல் கையில கிடைச்சா விடாதீங்க, மோசின் இவ்வளவு நல்லா சுடுமான்னு ஆச்சரியப்படுவீங்க.

லீ என்ஃபீல்ட்ல அகல அம்புக்குறி பிரிட்டிஷ் அரசு சொத்து. ரெண்டு அம்பு மூக்கோட மூக்கு முட்டிக்கிட்டு நின்னா ராணுவம் அதை வித்துடுச்சுன்னு அர்த்தம். எஃப்டிஆர்னு இருந்தா முழுசா பிரிச்சு ஃபேக்டரியில திருப்பி செஞ்சது. நம்பர் 4ல லாங் பிராஞ்ச்னா கனடா, யுஎஸ் பிராப்பர்ட்டின்னா அமெரிக்காவுல சாவேஜ் செஞ்சது, அமெரிக்க ராணுவம் அதை உபயோகிக்கவே இல்ல, பிரிட்டனுக்குக் கொடுக்கறதுக்காகப் போட்ட முத்திரை. நம்பர் 4க்கு முந்தின லீ என்ஃபீல்டான எஸ்எம்எல்இல லித்கோன்னா ஆஸ்திரேலியா, இஷாப்பூர்னா இந்தியா. இஷாப்பூர் ஸ்டாக்ல மேகசினுக்கு முன்னாடி குறுக்கா ஒரு ஸ்க்ரூ போகும், மரம் பிளக்காம இருக்க. 1962 சீனப் போருக்கு அப்புறம் அங்கேயே 7.62 நேட்டோ தோட்டாவுக்கு 2ஏ, 2ஏ1ன்னு கெட்டியான ஸ்டீல்ல புதுசா செஞ்சாங்க, அது .303 ரைஃபிளை மாத்தினது இல்ல, பலர் இன்னும் அப்படித்தான் சொல்லிக்கிட்டு திரியறாங்க.

ஜப்பான் அரிசாகா ரிசீவர் மேல 16 இதழ் செவ்வந்திப்பூ, பேரரசரோட சின்னம். சரணடைஞ்சப்ப கொடுத்த ரைஃபிள்கள்ல பெரும்பாலும் அந்தப் பூவைத் தேய்ச்சு அழிச்சிருப்பாங்க, பூ முழுசா இருந்தா போர்க்களத்துல பிடிபட்டதா இருக்க வாய்ப்பு அதிகம்.

கே31 வச்சிருக்கறவங்க பட் பிளேட்டோட (தோள்ல படற தகடு) ரெண்டு ஸ்க்ரூவைக் கழட்டிப் பாருங்க. உள்ள சின்னதா ஒரு சீட்டு இருந்தா, அதை வச்சிருந்த சிப்பாயோட பேரும் பட்டாளமும் எழுதியிருக்கும். ஃபோட்டோ எடுத்துட்டு சீட்டை அங்கேயே திருப்பி வச்சுடுங்க.

போலி நிறைய வருதாமே?

வருது. காசு எங்க இருக்கோ அங்க வருது. ஸ்நைப்பர் ரைஃபிள், நாஜி எஸ்எஸ் முத்திரை, பாராசூட் படைக்காரங்க மாடல், இந்த மூணுலயும் முதல்ல சந்தேகப்படுங்க, அப்புறம் நம்புங்க. நிஜ மோசின் பியு ஸ்நைப்பர்ல ஸ்கோப் நம்பரை ரைஃபிள் மேலயும் குத்தியிருப்பாங்க, இப்ப சாதாரண மோசின் 91/30 மாடல்ல ஓட்டை போட்டு புது ஸ்கோப் மாட்டி விக்கறாங்க. முத்திரை ஓரத்துல பழைய நிறம் உடைஞ்சு புது உலோகம் மினுக்குதான்னு லென்ஸ் வச்சுப் பாருங்க. தாத்தா போர்ல இருந்து கொண்டு வந்ததுன்னு கதை சொன்னா, கதைக்குக் காசு கொடுக்காதீங்க, ரைஃபிளுக்குக் கொடுங்க.

கிரீஸ் அப்பிக்கிட்டு வருதே, எப்படி எடுக்கறது?

அது காஸ்மோலின், கிடங்குல பல வருஷம் துரு பிடிக்காம இருக்கத் தடவினது. உலோகப் பாகத்தைக் கழட்டி மண்ணெண்ணெய்லயோ மினரல் ஸ்பிரிட்லயோ ஊற வச்சு பிரஷ் போடுங்க, கொதிக்கற தண்ணி ஊத்தினாலும் உருகி ஓடும், உடனே துடைச்சு எண்ணெய் போடணும். போல்ட்டுக்குள்ள ஃபயரிங் பின் (தோட்டாவைத் தட்டற ஊசி) போற வழியை மறக்காதீங்க. மரத்துக்கு பொறுமைதான் மருந்து: பழைய துணியில சுத்தி, கருப்பு பிளாஸ்டிக் பையில போட்டு, வெயில்ல வச்சா வியர்த்து விடும், துடைச்சு துடைச்சு திருப்பி வைங்க. பெட்ரோல் வேண்டாம், வீட்டுக்குள்ள எந்த கரைப்பானும் வேண்டாம்.

எஸ்எம்எல்இ வச்சிருந்தா ஒரு எச்சரிக்கை. பின்னாடி பட் மரத்தைக் கழட்டணும்னு நேரா உள்ள ஸ்க்ரூ டிரைவரை விட்டுத் திருப்பாதீங்க, அந்த நீள போல்ட்டோட சதுர முனை முன் மரத்துல இருக்கற தகட்டுக்குள்ள சிக்கியிருக்கும், திருப்பினா முன் மரம் பிளந்துக்கும். முன் மரத்தை முதல்ல எடுக்கணும்.

ஸ்டாக்கை உரசி வார்னிஷ் போட்டா அழகா இருக்குமே?

வேண்டாம். உரசுத்தாள் வச்ச நிமிஷமே முத்திரை, இன்ஸ்பெக்டர் வட்டம், யாரோ கத்தியால செதுக்கின ரெண்டு எழுத்து எல்லாம் மரத்தூளா போயிடும், மரம் உலோகத்தை விடத் தாழ்ந்து போய் ரைஃபிளே மூளியா தெரியும். அழுக்கு இருந்தா மெலிசா ஸ்பிரிட் தொட்டுத் துடைங்க, காய்ஞ்சு போயிருந்தா ஆளிவிதை எண்ணெய் கொஞ்சமா கையால தேய்ங்க, பிரிட்டிஷ் ஸ்டாக்குக்கு அதுதான் ராணுவத்துலயே போட்டது. ரஷ்யாவுது ஷெல்லாக், அது மேல எண்ணெய் ஊறாது, சும்மா விடுங்க. எண்ணெய் துடைச்ச துணியை சுருட்டி மூலையில போடாதீங்க, ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடாகி தானாவே தீப்பிடிக்கும், விரிச்சுக் காயப்போடுங்க இல்லன்னா தண்ணியில முக்கி வைங்க.

ஏற்கனவே எவனாவது மரத்தை வெட்டி வேட்டை ரைஃபிள் ஆக்கி வச்சிருந்தா அது வேற கணக்கு. கெட்டது கெட்டாச்சு, மலிவா கிடைச்சா வாங்கி ஆசை தீர சுடுங்க.

முதல் தடவை சுடறதுக்கு முன்னாடி என்ன செய்யணும்?

பழைய ரைஃபிள் தெரிஞ்ச கன்ஸ்மித் (துப்பாக்கி ரிப்பேர் பண்றவர்) ஒருத்தர்கிட்ட ஹெட்ஸ்பேஸ் பார்க்கச் சொல்லுங்க. போல்ட் பூட்டினதும் போல்ட் முகத்துக்கும் தோட்டா சேம்பர்ல உக்கார்ற இடத்துக்கும் நடுவுல எவ்வளவு இடம்ங்கறதுதான் அது. கம்மியா இருந்தா போல்ட் மூடாது, அதிகமா இருந்தா கேஸ் பின்பக்கமா நீண்டு கிழியும், சூடான வாயு உங்க முகத்துக்கு வரும். கோ கேஜ்ல மூடணும், நோ கோ கேஜ்ல மூடக்கூடாது, ராணுவ ரைஃபிள்ல நோ கோ தாண்டினாலும் ஃபீல்ட் கேஜ்ல மூடாம நின்னா சுடலாம்னு ஒரு வரம்பு வச்சிருப்பாங்க. .303ல அந்தக் கடைசி வரம்பு 0.074 அங்குலம். நம்பர் 4 ரைஃபிளுக்கு 0ல இருந்து 3 வரைக்கும் நாலு அளவுல போல்ட் ஹெட் செஞ்சாங்க, தேஞ்சா பெரிய நம்பரை மாட்டி சரி பண்ணலாம்.

கண்ணாடியும் காது மூடியும் இல்லாம இதுல எதையும் சுடாதீங்க.

சுடவே கூடாத ரைஃபிள் எதுவும் இருக்கா?

இருக்கு, இதை ரெண்டு தடவை படிங்க.

அமெரிக்க எம்1903 ஸ்பிரிங்ஃபீல்ட்ல, ஸ்பிரிங்ஃபீல்ட் ஆர்மரி செஞ்சது 8,00,000க்குக் கீழயும், ராக் ஐலண்ட் செஞ்சது 2,85,507க்குக் கீழயும் நம்பர் இருந்தா சுவத்துல மாட்டுங்க. உலையில ஸ்டீல் எவ்வளவு சூடாச்சுன்னு தொழிலாளிங்க நிறத்தைக் கண்ணால பார்த்தே முடிவு பண்ணினாங்க, வெளிச்சம் மாறினா கணிப்பும் மாறுச்சு, சில ரிசீவர் கண்ணாடி மாதிரி நொறுங்கற பதத்துல வந்துடுச்சு. நூறு வருஷமா வெடிக்கலையேன்னு வாதம் பண்றவங்க இருக்காங்க. அவங்க முகம், அவங்க இஷ்டம்.

கனடாவோட ராஸ் மார்க் 3 போல்ட்டைக் கழட்டி தப்பா மாட்டினா மூடிக்கிட்ட மாதிரி தெரியும், பூட்டியிருக்காது, சுட்டா போல்ட் பின்னாடி வரும். அரிசாகா மாதிரியே இருக்கற ஜப்பான் பயிற்சித் துப்பாக்கி ரைஃப்லிங்கே இல்லாம வெத்து வேட்டுக்கு செஞ்சது, நிஜத் தோட்டா போட்டா சிதறிடும். இதுல வேடிக்கை என்னன்னா நிஜ அரிசாகா ஆக்‌ஷன் அந்தக் காலத்துலேயே ரொம்ப பலமானதுன்னு பேர் எடுத்தது, கடைசிக் கட்டத்துல கரடுமுரடா செஞ்சது கூட பார்க்கத்தான் கோரம். ஜெர்மன் 1888 கமிஷன் ரைஃபிளுக்கு இன்னைக்கு கிடைக்கிற 8 எம்எம் தோட்டா போடாதீங்க, காரணம் அடுத்த பதில்ல.

8 எம்எம்னா எல்லாம் ஒண்ணுதானே?

இல்லவே இல்ல. ஜெர்மன்காரங்க 1888ல ஆரம்பிச்சப்ப குண்டோட விட்டம் .318 அங்குலம், 1905ல கூர்முனைக் குண்டுக்கு மாறினப்ப .323 ஆக்கிட்டாங்க, கேஸ் என்னமோ ஒரே மாதிரிதான். பெரிய குண்டை சின்ன பேரல்ல தள்ளினா அழுத்தம் எங்கயோ போயிடும். இதுக்குப் பயந்துதான் அமெரிக்க கம்பெனிகள் 8×57 தோட்டாவை ரொம்ப மெலிசா லோட் பண்ணுது, ஐரோப்பாவுல செஞ்சது முழு பலத்தோட வரும். ஆஸ்திரியாவோட ஸ்டேயர் எம்95ல பேரல் மேல பெருசா எஸ்னு இருந்தா 8×56ஆருக்கு மாத்தினது, குண்டு இன்னும் பெருசு, .329 வாக்குல. பிரெஞ்சு லெபெல் 8 எம்எம் இன்னொரு ஜாதி. இத்தாலி கார்கானோவும் இப்படித்தான், பேர் 6.5, ஆனா குண்டு .268, மத்த 6.5 எல்லாம் .264. சந்தேகமா இருந்தா ஈயக்கட்டியை பேரல்ல தட்டி விட்டு அளந்து பாருங்க.

பழைய ராணுவத் தோட்டாவை நம்பலாமா?

சீல் உடையாத தகர டப்பாவுல வந்தது பெரும்பாலும் சுடும். கேஸ் கழுத்துல விரிசல், பச்சை பூத்தது, குண்டு ஆடறது, இதெல்லாம் இருந்தா வேண்டாம். கே31க்கான ஸ்விஸ் ஜிபி11 மாதிரி தரமா செஞ்ச ராணுவத் தோட்டா ரொம்பக் கம்மி. ரேஞ்சுக்குப் போகும்போது ஒரு காந்தம் எடுத்துட்டுப் போங்க, குண்டு ஒட்டிச்சுன்னா உள்ள ஸ்டீல் இருக்கு, பல ரேஞ்சுல விடமாட்டாங்க.

பெரிய விஷயம் ப்ரைமர், தோட்டா அடியில மருந்தைப் பத்த வைக்கற சின்ன மூடி. பழைய ராணுவ ப்ரைமர்ல பொட்டாசியம் குளோரேட் இருக்கும், எரிஞ்சதும் பொட்டாசியம் குளோரைடா மாறி பேரல்ல படியும், கிட்டத்தட்ட உப்பு. காத்துல இருக்கற ஈரத்தை அது இழுக்க இழுக்க துரு. அமெரிக்க .30-06 தோட்டா 1950கள் தொடக்கம் வரைக்கும் பெரும்பாலும் இப்படித்தான், சோவியத் பக்கம் அதுக்கு அப்புறமும் பல காலம். அமெரிக்காவுல .30 கார்பைன்ங்கற குட்டை ரைஃபிளோட தோட்டா மட்டும் ஆரம்பத்துல இருந்தே அரிக்காத ப்ரைமர், அந்த ரைஃபிளோட வாயு பிஸ்டனை சிப்பாய் கழட்டித் துடைக்க முடியாதுங்கறதால.

அரிக்கற தோட்டா சுட்டதும் எப்படி கிளீன் பண்றது?

தண்ணி. உப்பு எண்ணெய்ல கரையாது, எவ்வளவு எண்ணெய் தேய்ச்சாலும் உப்பு அடியில அப்படியே உக்காந்திருக்கும். கொதிக்கற தண்ணியை சேம்பர் பக்கமா புனல் வச்சு ஊத்துங்க, போல்ட் முகத்தையும் கழுவுங்க, பேரல் சூட்டுலயே காஞ்சுடும், அப்புறம் வழக்கம் போல கிளீன் பண்ணி எண்ணெய். அமோனியா கலந்த கண்ணாடி கிளீனர் அடிச்சா போதும்னு ஒரு நம்பிக்கை உலாவுது, அதுல வேலை செய்யறதும் தண்ணிதான். அன்னைக்கே செய்யுங்க.

டிக்னு சத்தம் வந்துச்சு, வெடிக்கல. என்ன பண்றது?

முனையை டார்கெட் பக்கமே வச்சுக்கிட்டு அசையாம இருங்க, குறைஞ்சது 30 செகண்ட், ஒரு நிமிஷம் இருந்தா இன்னும் நல்லது. பழைய ப்ரைமர் தாமதமா பத்திக்கும், அந்த நேரத்துல போல்ட்டைத் திறந்தா கேஸ் கையில வெடிக்கும். சத்தம் வந்து, ஆனா புஸ்னு போச்சுன்னா குண்டு பேரல்லயே நின்னிருக்கலாம், பேரலைப் பார்க்காம அடுத்ததை சுடாதீங்க.

மோசின் போல்ட் சுட்டதும் ஒட்டிக்குது, சுத்தியல் வேணும் போல இருக்கு?

பத்துக்கு ஒன்பது தடவை சேம்பர்ல மிச்சம் இருக்கற காஸ்மோலின். கேஸ் சூடானதும் அது பிசின் ஆகிடுது. பேரல் பிரஷ் பத்தாது, சேம்பர் அளவுக்கு பெரிய வெண்கல பிரஷ்ல கரைப்பான் தொட்டு நல்லா சுழட்டுங்க, துணி வெள்ளையா வர்ற வரைக்கும். அப்புறமும் ஒட்டினா போல்ட் லக் (போல்ட்டைப் பூட்டற முனைகள்) பக்கம் பாருங்க.

100 மீட்டர்ல ரொம்ப மேல போகுதே?

இந்த சைட்டெல்லாம் படைக்கு எதிர்ல படை நிக்கறப்போ சுடறதுக்கு செஞ்சது. ஸ்வீடிஷ் எம்96ல கீழ் அளவே 300 மீட்டர், அப்போ 100ல மேலதான் போகும், உயரமான முன் சைட் மாட்டிக்கலாம், பழசைப் பத்திரமா எடுத்து வைங்க. மோசின் 91/30 ஈட்டி (முனையில மாட்டற பயோனெட்) மாட்டின நிலையில சைட் பண்ணினது, எம்44 கார்பைன் மடக்கு ஈட்டியைத் திறந்து வச்சு. ஈட்டி இல்லாம சுட்டா குண்டு போற இடம் மாறும், ஒரு தடவை ஈட்டியோட சுட்டுப் பாருங்க, ரேஞ்சே திரும்பிப் பார்க்கும்.

எவ்வளவு துல்லியம் எதிர்பார்க்கலாம்?

நல்ல பேரல், நல்ல தோட்டான்னா 100 மீட்டர்ல 7ல இருந்து 10 சென்டிமீட்டர் குரூப் (சுட்ட ஓட்டைங்க பரவற அகலம்) சாதாரணம். கே31, ஸ்வீடிஷ் மவுசர், ஃபின்லாந்து மோசின் அதை விட நல்லா சுருக்கும். ஜங்கிள் கார்பைன்னு சொல்ற நம்பர் 5 சைட் இடம் மாறிக்கிட்டே இருக்கும்னு ராணுவத்துலயே புகார் வந்தது, உதையும் பலமா இருக்கும், அழகுக்காக மன்னிச்சு விடலாம்.

ஸ்கோப் மாட்டலாமா?

ஓட்டை போடாம மாட்டற மவுண்ட் இருந்தா மாட்டுங்க. ரிசீவர்ல டிரில் வைக்கிறதா இருந்தா புது வேட்டை ரைஃபிள் வாங்கிக்கோங்க, அது எல்லா விதத்துலயும் நல்லா சுடும்.

லீ என்ஃபீல்ட்ல கேஸ் ரெண்டு துண்டா வருதே, தோட்டாவும் மாட்டிக்குது?

சேம்பரை வேணும்னே கொஞ்சம் தாராளமா செஞ்சிருக்காங்க, சேறு பட்ட தோட்டாவும் உள்ள போகணும்னு. புதுத் தோட்டா ஒரு தடவை சுட்டா பிரச்சினை இல்ல, சுட்ட கேஸ்ல திருப்பி மருந்தும் குண்டும் போட்டு ரீலோட் பண்றவங்க ஒவ்வொரு தடவையும் கேஸை முழுசா பழைய அளவுக்கு அமுக்கினா அடிப்பக்கம் மெலிஞ்சு உடையும். கழுத்தை மட்டும் சைஸ் பண்ணுங்க, அந்த கேஸ் அந்த ரைஃபிளுக்கு மட்டும்.

மாட்டிக்கிறது விளிம்பு தகராறு. .303 கேஸ் அடியில விளிம்பு உண்டு, மேல இருக்கற தோட்டாவோட விளிம்பு கீழ இருக்கறதுக்கு முன்னாடி நிக்கணும், பின்னாடி போச்சுன்னா கொக்கி போட்டு நின்னுடும். லோட் பண்ணும்போதே பார்த்து வைங்க. மோசின்ல ஒவ்வொண்ணா விடறதுக்குன்னே ஒரு தகடு இருக்கு, அதனால இந்தத் தொல்லை கம்மி.

கேரண்ட், எஸ்கேஎஸ்க்கு தனியா ஏதாவது?

கேரண்ட்ல இப்ப விக்கற கனமான வேட்டைத் தோட்டா போடாதீங்க. மெதுவா எரியற மருந்து, பேரல்ல வாயு எடுக்கற ஓட்டையில அழுத்தத்தை ஏத்தி, போல்ட்டை ஓட்டற ஆபரேட்டிங் ராடை வளைச்சுடும். பழைய ராணுவ எம்2 தோட்டா அளவுக்கு லோட் பண்ணின 150 கிரெயின் (குண்டோட எடை) தோட்டா, இல்லன்னா வாயுவை அட்ஜஸ்ட் பண்ற பிளக். 8 ரவுண்டு கிளிப்பை கட்டை விரலால அமுக்கும்போது உள்ளங்கை ஓரத்தால போல்ட் கைப்பிடியைத் தாங்கிக்கோங்க, கேரண்ட் கட்டை விரல்னு ஒரு பேரே உண்டு.

எஸ்கேஎஸ்ல பெரும்பாலும் ஃபயரிங் பின்னுக்கு ஸ்பிரிங் கிடையாது. போல்ட்டுக்குள்ள கிரீஸ் இறுகி பின் முன்னாடியே நின்னுட்டா, போல்ட் மூடும்போது டிரிகர் தொடாமலே வெடிக்கும், சில சமயம் தொடர்ச்சியா. போல்ட்டை ஆட்டிப் பாருங்க, பின் உள்ள கடகடன்னு ஓடற சத்தம் கேக்கணும்.

தோள் வலிக்குது?

ஸ்டீல் பட் பிளேட், கனமான தோட்டா, மெலிசான சட்டை. ரப்பர் உறை ஒண்ணு ஸ்டாக் மேல மாட்டிக்கோங்க, ஸ்டாக்கை மட்டும் வெட்டாதீங்க. தோள் எலும்பு மேல வைக்காம உள்பக்க சதையில அழுத்தி வைங்க.

எப்படி வைக்கிறது?

ஸ்பாஞ்ச் பெட்டியிலயும் தோல் உறையிலயும் மாசக்கணக்கா வைக்காதீங்க, ரெண்டும் ஈரத்தைப் பிடிச்சுக்கும். பூட்டின பெட்டி, சிலிக்கா ஜெல், மெலிசா எண்ணெய். எண்ணெய் மரத்துக்குள்ள இறங்காம இருக்க முனையைக் கீழ வச்சு நிறுத்தலாம். தோட்டாவை வேற இடத்துல பூட்டுங்க. ஒவ்வொண்ணுக்கும் நம்பர், முத்திரை ஃபோட்டோ, எங்க எப்ப வாங்கினதுன்னு ஒரு நோட்டு போட்டு வைங்க, திருட்டுப் போனாலும் உங்களுக்கு அப்புறம் வர்றவங்களுக்கும் அது வேணும்.

கிளிப், ஸ்லிங், ஈட்டி எல்லாம் வாங்கணுமா?

கிளிப் மட்டும் கட்டாயம், அதுவும் எல்லாத்துக்கும் இல்ல. கேரண்ட், கார்கானோ, எம்95 இதெல்லாம் கிளிப்போட சேர்த்துதான் உள்ள போகும், கிளிப் இல்லன்னா ஒவ்வொண்ணா போட்டு சுட வேண்டியதுதான். மவுசர், மோசின், லீ என்ஃபீல்ட்ல கிளிப் வேகத்துக்கு மட்டும், கையாலயே நிரப்பலாம். பழைய தோல் ஸ்லிங்கை ரைஃபிள்ல மாட்டி தோள்ல தொங்க விடாதீங்க, காஞ்சு போயிருக்கும், அறுந்து விழும், சுடறதுக்குப் புது காப்பி ஒண்ணு வாங்கிக்கோங்க.